செத்த காலேஜிலிருந்து அரியலூர் வரை: வட சென்னைப் பிள்ளைகளுக்கு ராட்சத விலங்குகளைக் காட்டுவது எப்படி

போன வருஷம் காலாண்டு லீவில் ஒரு வெள்ளிக்கிழமை, 22 பிள்ளைகளையும் நான்கு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு பழைய ஆட்கள் செத்த காலேஜ் என்று சொல்லும் எழும்பூர் மியூசியம் வாசலில் போய் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. எலுமிச்சை சாதப் பொட்டலங்களை பாந்தியன் சாலை பிளாட்பாரத்தில் உட்கார்ந்தே பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

நான் தண்டையார்பேட்டையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் யாருடைய போனிலோ திமிங்கலச் சுறா வீடியோ பார்த்துவிட்டு வந்து, "மெய்யாலுமே அவ்ளோ பெர்சா இருக்குமா மிஸ்?" என்று கேட்டதில் ஆரம்பித்தது இது. அப்புறம் ஒன்றரை வருஷத்தில் மியூசியம், வண்டலூர், முதலைப் பண்ணை, அரியலூர் என்று நான்கு பயணம் போய்விட்டோம். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டேன். நீங்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான்கையும் ஒரே லீவில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டாவது நாளே பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

1. முதலில் கயிறு வாங்குங்கள்

டிக்கெட்டுக்கு முன்னால் இது. "நீலத் திமிங்கலம் 30 மீட்டர்" என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் புரியாது, பெரியவர்களுக்கும் புரியாது. காசிமேடு பக்கம் வலைச் சாமான் விற்கும் கடைகளில் மெல்லிய நைலான் கயிறு கிடைக்கும். கிலோக் கணக்கில்தான் நிறுத்துத் தருவார்கள், "30 மீட்டர் வேணும்" என்று முதலிலேயே சொல்லி அளந்து வாங்குங்கள். நான் சும்மா ஒரு கிலோ என்று கேட்டு, வீட்டுக்கு வந்து அளந்தால் தேவைக்கு மேல் எவ்வளவோ இருந்தது. மீதி மொட்டைமாடிக் கொடிக்குப் போயிற்று.

கயிற்றில் கலர் துணி முடிச்சுகள் போடுங்கள். நாங்கள் போட்டது இப்படி: 2 மீட்டரில் சிவப்பு (ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்), 5 மீட்டரில் பச்சை, அது நன்றாக வளர்ந்த செம்மூக்கு முதலை, கிட்டத்தட்ட ஒட்டகச்சிவிங்கியின் உயரமும் அதுதான். 12 மீட்டரில் நீலம், திமிங்கலச் சுறா. 15 மீட்டரில் மஞ்சள், அது வாசுகி. குஜராத்தில் கட்ச் பக்கம் பானந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 2024-இல் பெயர் வைத்த பழங்காலப் பாம்பு. 11 முதல் 15 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், வாழ்ந்தது சுமார் 4 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால். கயிற்றின் கடைசி முனை நீலத் திமிங்கலம். இதுவரை பூமியில் இருந்ததாக நிச்சயமாகத் தெரிந்த விலங்குகளிலேயே கனமானது அதுதான், இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெருவில் விரித்துக் காட்டுங்கள், ஏழு மணிக்கு மேல் ஆட்டோக்காரர்கள் விடமாட்டார்கள். எங்கள் தெருவில் திமிங்கலத்தின் வால் என் வீட்டு கேட்டில் இருந்தால், தலை அடிபம்பைத் தாண்டி, இஸ்திரி வண்டியைத் தாண்டி, பிள்ளையார் கோயில் படியில் போய் முட்டுகிறது. இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியை வைத்துவிட்டு வந்து தலையிலிருந்து வால் வரை ஒரு நடை நடந்து பார்த்தார்.

2. லீவு நாள் கணக்கு

இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி லீவு. வண்டலூருக்குச் செவ்வாய். முதலைப் பண்ணைக்குத் திங்கள். மூன்று இடம், மூன்று லீவு. மியூசியம் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி தேசிய விடுமுறைகளிலும் கிடையாது, ஆனால் நம் ஆட்களுக்கு அன்றைக்குத்தான் எங்காவது போகத் தோன்றும்.

திறந்திருந்தாலும் போகக்கூடாத நாள் ஒன்று உண்டு, காணும் பொங்கல். அன்றைக்கு வண்டலூரில் நீங்கள் பார்க்கப்போவது மனிதர்களின் முதுகைத்தான்.

3. தாள்கள்

இங்கேதான் எனக்கு அதிகம் அடி விழுந்தது. மாணவர் சலுகை பல இடங்களில் உண்டு, ஆனால் டியூஷன் லெட்டர்பேடை ஒரு இடத்தில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஸ்கூல் லெட்டர் இருக்கா?" என்று கேட்டார்கள், அரை மணி நேரம் வெயிலில் நின்று பேசியும் கடைசியில் முழு டிக்கெட்தான். அதனால் இரண்டு வழி. பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் போய், எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்த நாள் என்று எழுதி சீலும் கையெழுத்தும் வாங்குங்கள், பத்து நாள் முன்னாலேயே கேளுங்கள். பல பள்ளிகள் என்றால் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். பையில் வைத்திருக்கிறேன் என்பான், பையை வீட்டில் வைத்திருப்பான்.

இது தவிர நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை:

பெற்றோர் சம்மதத் தாள், ஒரு பிள்ளைக்கு ஒன்று. அதில் இரண்டு போன் நம்பர் கேளுங்கள். அப்பா கடலுக்குப் போயிருந்தால் நாள் கணக்கில் அவர் போன் கிடைக்காது, அம்மா மார்க்கெட்டில் இருந்தால் எடுக்க மாட்டார். வீசிங், வலிப்பு, எதற்காவது அலர்ஜி இருக்கிறதா என்று ஒரு வரி கட்டாயம் எழுதி வாங்குங்கள், வாயால் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். ஆதார் ரயில் பயணத்துக்கு மட்டும் போதும். எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஃபைல் ஒருமுறை ஷேர் ஆட்டோவிலேயே போய்விட்டது.

வேன் எடுத்தால் மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பிளேட் வண்டி வாடகை குறைவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓட்டக்கூடாது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ் மூன்றின் தேதியையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். டிரைவர் பேட்டா, பார்க்கிங், டோல் எல்லாம் வாடகையில் சேர்த்தியா என்று முன்பே பேசிவிடுங்கள்.

4. முதல் பயணம் செத்த காலேஜுக்கு

எங்கள் ஆயா காலத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ், மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்று பேர். உயிர் காலேஜ் அப்போது சென்ட்ரல் பக்கத்திலேயே இருந்ததால் வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே போவார்களாம். 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டது, நமக்கு இப்போது அரை நாள் வழியிலேயே போகிறது. அதனால் முதலில் செத்ததைப் பாருங்கள். பிள்ளைகளும் எலும்பைப் பார்த்துவிட்டு உயிருள்ளதைப் பார்த்தால்தான் கேள்வி கேட்கிறார்கள்.

போவது எளிது. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். மின்சார ரயிலில் போனால் செலவு குறையும், ஆனால் ஒரு சிக்கல்: திருவொற்றியூர் பக்கமிருந்து வரும் எல்லா வண்டியும் பீச் ஸ்டேஷனுக்குப் போகாது, பல வண்டிகள் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அப்படி இறங்கினால் சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து தாம்பரம் வண்டி பிடிக்க வேண்டும். 22 பேரோடு அந்தச் சுரங்கப்பாதையில் நடந்தபோது பொம்மை, பெல்ட், சார்ஜர் விற்கிறவர்களிடமே கால் மணி நேரம் போயிற்று.

காலை 9:30-க்குத் திறப்பார்கள், மாலை 5 வரை. நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 15 ரூபாய், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, டிக்கெட்டை விட அது பல மடங்கு, போன் எடுத்துப் போகிறவர்கள் கவுண்ட்டரிலேயே கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்ளுங்கள். பல கட்டடங்கள் இருக்கின்றன. வெண்கலச் சிலைகள் பக்கம் முதலில் போய்விட்டால் விலங்கியல் பகுதிக்கு வரும்போது பிள்ளைகள் களைத்துவிடுவார்கள், நேராக விலங்குகளுக்குப் போங்கள்.

அங்கே திமிங்கல எலும்புக்கூடும் யானை எலும்புக்கூடும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள், மீதியை ஓட்டமாகப் பார்த்தால் போதும். யானையின் முன்னால் நின்று ஒரு பெண் பிள்ளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மிஸ், தும்பிக்கைய யாரு எட்த்துனு போனாங்க?" என்றாள். தும்பிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசைதான் என்று சொன்னேன். மண்டையோட்டின் நடுவில் பெரிய ஓட்டை ஒன்று தெரியும், அதுதான் மூக்கு, அதை எல்லாப் பிள்ளைகளும் ஒற்றைக் கண் என்றுதான் சொல்லும், சொல்லட்டும், அப்புறம் விளக்குங்கள். திமிங்கலத்துக்குத் துடுப்பு மாதிரி இருப்பதற்குள்ளே நம் கை போலவே விரல் எலும்புகள் இருக்கும். பின்னங்கால் கிடையாது, இடுப்பெலும்பின் மிச்சம் மட்டும் உடம்புக்குள் சின்னதாகத் தங்கியிருக்கும். தரையில் நடந்த விலங்கின் வம்சம் என்று வாயால் சொல்வதை விட அந்த விரல்களைக் காட்டினால் போதும். கயிற்றை உள்ளே கொண்டுபோகாதீர்கள், காவலர்களுக்குப் பிடிக்காது.

5. காசிமேடு, செலவில்லாமல்

இது நம் வீட்டுப் பக்கம் என்பதால் யாரும் பயணமாகவே நினைப்பதில்லை. விடியற்காலை ஏலத்துக்குப் போனால் ஆள் உயர மயில்மீன், கதவு அகலத் திருக்கை எல்லாம் தரையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது கூட்டிப்போனால் ஏமாற்றம்தான். கோடை லீவு சரியாக அதில் விழுகிறது என்பதுதான் கொடுமை. செருப்பு வழுக்கும், ஐஸ் வண்டி வழி விடாது, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும்.

திமிங்கலச் சுறாவை அங்கே தேடாதீர்கள். 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பதும் விற்பதும் குற்றம். திமிங்கலமும் இல்லை அது, மீன்தான், மீன்களிலேயே பெரியது. வாயைத் திறந்தபடி நீந்தி மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்கிறது. எங்கள் பிள்ளைகளில் ஒருவன், "எங்க நைனா வலையில ஒருவாட்டி மாட்டிச்சு, வலைய அறுத்து வுட்டுட்டாங்க" என்றான். அறுத்த வலைக்கு எவ்வளவு நஷ்டம் என்பதும் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அப்புறம் ஒன்று, திமிங்கலத்தின் அம்பர் என்று மெழுகுக் கட்டி மாதிரி எதையாவது யாராவது காட்டினால் கையால் தொடாமல் நகர்ந்துவிடுங்கள். வைத்திருந்தாலே கேஸ்.

6. வண்டலூர்

முதல் வண்டியில் கிளம்புங்கள். பார்க் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வண்டியில் வண்டலூர் வரை ஒரு மணி நேரம் ஆகும், தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிடாதீர்கள். 9 மணிக்குக் கவுண்ட்டர் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும். ஆன்லைனில் டிக்கெட் எடுத்தால் வரிசை மிச்சம், ஆனால் பள்ளிச் சலுகைக்குக் கடிதத்தோடு கவுண்ட்டருக்குத்தான் போக வேண்டியிருந்தது. நாங்கள் போனபோது பெரியவருக்கு 200 ரூபாய். கூட வரும் அம்மாக்களின் செலவுதான் பட்ஜெட்டைத் தின்னும், அதைப் பிள்ளைகளிடம் வாங்கும் பணத்தில் பங்கு போட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் பை, சிப்ஸ் பாக்கெட் எல்லாம் வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொண்டுவரச் சொல்லுங்கள். இடம் 602 ஹெக்டேர், முழுவதும் நடக்க முடியாது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேட்டரி வண்டிக்குப் போனதும் பதிவு செய்யுங்கள், பதினொரு மணிக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம்.

நீர்யானையும் காட்டெருதும்தான் எங்கள் பட்டியலில் முதலில். காட்டெருதை மாடு என்று நினைத்துச் சாதாரணமாகத் தாண்டிப் போகிறார்கள். வளர்ந்த காளை ஒரு டன் வரை இருக்கும், மாட்டு இனத்திலேயே மிகப் பெரியவைகளில் ஒன்று, நம் முதுமலைக் காட்டிலேயே திரிகிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாம் நிழலில் படுத்துவிடும். "ஒண்ணுமே பாக்கல" என்று திரும்பி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மதியம் போயிருப்பார்கள்.

7. முதலைப் பண்ணை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. பஸ்ஸில் போனால் திருவான்மியூரில் மாறி மாமல்லபுரம் வண்டி பிடிக்க வேண்டும், தண்டையார்பேட்டையிலிருந்து இரண்டரை மணி நேரம் எங்களுக்கு ஆயிற்று. இதற்கு மட்டும் வேன் எடுங்கள். எங்களுக்கு வாடகை 9,000 ஆனது, 26 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 350-க்குள் வந்துவிட்டது.

அங்கே ஜாஸ் என்று பேர் வைத்த செம்மூக்கு முதலை, 5 மீட்டருக்கு மேல். நம் பிரச்சினை என்னவென்றால் அது அசையாது. வாயைப் பிளந்தபடி அப்படியே கிடக்கும், உடம்புச் சூட்டைத் தணிக்க அப்படிச் செய்கிறது. "பொம்ம மிஸ் இது" என்று எங்கள் ஆட்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். வேறெங்கோ ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மனுஷர் கல்லைத் தேடிக் குனிந்தார், எங்கள் பிள்ளைகளே அவரைச் சத்தம் போட்டு நிறுத்தினார்கள். பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். கண்ணின் குறுக்கே மெல்லிய தோல் ஒன்று பக்கவாட்டில் மூடித் திறக்கும், அதைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்திருந்த ஆறு கைகள் ஒரே நேரத்தில் பின்னால் வந்தன.

விசித்திரத்துக்கு என்றால் கரியால் முதலை. கம்பி மாதிரி நீண்ட மூஞ்சி, நூறுக்கு மேல் பல், ஆணுக்கு மூக்கு நுனியில் பானை கவிழ்த்தது போல ஒரு குமிழ். மீன்தான் முக்கியமான சாப்பாடு. சீஷெல்ஸ் தீவுகளின் அல்டாப்ரா ஆமையும் உண்டு, ஆண் 250 கிலோ வரை வரும்.

8. அரியலூர், தைரியம் வந்த பிறகு

டைனோசர் கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பேர் வைத்தார்கள், பெருத்த உடம்புப் பல்லி என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள ஒற்றை எலும்பு மட்டும் 2 மீட்டர். கயிற்றில் சிவப்பு முடிச்சு அதற்குத்தான். உலகத்தில் வாழ்ந்த டைனோசர்களிலேயே பெரியது இதுவாக இருக்கலாம் என்கிறவர்களும் உண்டு, அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சண்டையைத் தீர்க்க வழியில்லை, ஏனென்றால் அந்த எலும்பு உதிர்ந்து போய்விட்டது. மண்ணிலிருந்து எடுக்கும்போதே நொறுங்கக்கூடிய நிலையில் இருந்திருக்கிறது. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். இதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போய், அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் "எலும்பு எங்க?" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

பார்க்க இருப்பவை வேறு. அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம், சுமார் 12 கோடி வருஷப் பழசு. காரை கிராமத்தை ஒட்டி செடி கொடியில்லாமல் மழைநீர் அறுத்த செம்மண் மேடுகள், ஒரு காலத்தில் கடலடி. அங்கே அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் சுருள் சுருளான பதிவுகள் கிடக்கும். 2020-இல் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் உருண்டைக் கற்களின் படம் சுற்றியதே, அது முட்டை இல்லை. உள்ளூரில் யாராவது "முட்டை" விற்க வந்தால் வாங்காதீர்கள், பிள்ளைகள் பையில் கல் போட்டால் அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

ரயில்: எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் வண்டிகள். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான் போட முடியும், அதனால் 26 பேருக்கு ஐந்து டிக்கெட், இரண்டு போனில் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் ஒரே பெட்டியில் விழும். 5 முதல் 12 வயதுக்கு அரை டிக்கெட் எடுத்தால் பெர்த் கிடையாது, பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இரவு வண்டியில் இது தெரியாமல் அரை டிக்கெட் போட்டு, ஒரு பெர்த்தில் இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்து, நான் கதவோரம் உட்கார்ந்து வந்தேன். தட்கலை நம்பாதீர்கள், அதில் ஒரு டிக்கெட்டுக்கு 4 பேர்தான்.

இரவு வண்டி விடியுமுன்னே இறக்கிவிடும். அதனால் காத்திருப்போர் அறை, டீக்கடை, கழிப்பறை மூன்றையும் கணக்கில் வையுங்கள். வேனை உள்ளூரிலேயே முதல் நாள் போனில் பேசிவிட வேண்டும், மூன்று இடமும் மூன்று திசை. தலைக்கு எங்களுக்கு 1,500 ரூபாய் ஆனது, இரண்டு தவணையாக வாங்கினேன். ஜனவரி, பிப்ரவரிதான் சரியான நேரம். மே மாதம் காரையில் ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை, ஐப்பசி கார்த்திகையில் மண் சேறாகிக் காலை விடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஷூ.

திரும்பும் டிக்கெட்டை மாலை வண்டிக்குப் போடுங்கள், மதியத்துக்குள் முடியாது. கயிற்றைப் பையின் மேலாகவே வையுங்கள். எங்கள் வண்டி ஒன்றேகால் மணி நேரம் லேட். பிளாட்பாரத்தில் சிவப்பு முடிச்சு வரை பிடித்து, யார் அந்த முழங்கால் எலும்பின் உயரத்தை எட்டுவது என்று எகிறிக் குதித்தே நேரத்தை ஓட்டிவிட்டார்கள்.